பழைய மவுண்டன் பைக்கின் பெயின்டைச் சுரண்டுவதற்கு முன்

மணல் பீச்சிப் பழைய பெயின்டை உரித்து, பவுடர் கோட்டிங் (தூளாகத் தூவிச் சூட்டில் உருக்கும் பூச்சு) அடித்துப் பளபளவென்று நிற்கும் பழைய எஃகு ஃப்ரேமை நம்பி வாங்காதீர்கள் என்று என் பட்டறைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன். அழகுணர்ச்சியால் மட்டும் சொல்வதல்ல, பாதுகாப்புக்காகவும்தான். நல்ல ஃப்ரேம்களின் குழாய்கள் முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இழுக்கப்பட்டவை. வண்டி நேருக்கு நேர் மோதியிருந்தால், ஹேண்டில்பாரைத் தாங்கும் குழாய்க்குச் சற்றுப் பின்னால், அங்கிருந்து பெடல் அச்சை நோக்கிச் சரியும் கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில் லேசான புடைப்பு விழும். கண்ணுக்குத் தெரியாது, கட்டைவிரலால் தடவினால் தட்டுப்படும். அந்த இடத்தில் பழைய பெயின்ட் தோல் சுருங்கியதுபோல் மடிந்திருக்கும், அல்லது குறுக்கே மயிரிழைக் கோடாக வெடித்திருக்கும். புதுப் பெயின்ட் அடித்துவிட்டால் இந்தச் சாட்சி மறைந்துவிடும்.

மவுண்டன் பைக் பிறந்த இடம் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மரின் கவுன்ட்டி. 1970-களில் டமால்பைஸ் மலைச்சரிவில் இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை ஓட்டி இறங்கினார்கள். 1977-ல் அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் அதற்கென்றே குரோமியமும் மாலிப்டினமும் கலந்த குரோம்மாலி எஃகில் புதிய ஃப்ரேம் செய்தார். 1981-ல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் ஜப்பானில் செய்வித்த ஸ்டம்ப்ஜம்பர் என்ற மவுண்டன் பைக் கடைக்கு வந்தது. அருங்காட்சியகத்தில் இடம்பிடித்த வண்டி அது. அந்தக் காலத்து ஃப்ரேமில் எந்த ஆண்டு, எந்த மாடல் என்று கண்டுபிடிக்க நிறமும் ஸ்டிக்கரும் பெரிதும் உதவும்.

சுத்தம் செய்யப் பெரிய வித்தை வேண்டாம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், மெல்லிய பஞ்சு, பொறுமை. எண்ணெய்ப் பிசுக்குக்கு மண்ணெண்ணெய் நனைத்த துணி. தின்னரும் அசிட்டோனும் ஸ்டிக்கரைக் கரைத்துவிடும், கிட்டே கொண்டுபோகாதீர்கள். பாலிஷ் போடுமுன், பெடல் அச்சு சுழலும் குழாயின் அடியில் ஒரு நாணய அளவு இடத்தில் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் துணியில் வண்டியின் நிறம் ஏறினால் மேலே நிறமற்ற தெளிபூச்சு இல்லை என்று பொருள். ஒவ்வொரு தேய்ப்பிலும் அசல் நிறமே கரைகிறது, ஆகவே மிக நைசான பாலிஷை ஒருமுறை மட்டும் போட்டு நிறுத்துங்கள். 1980-களின் பிற்பகுதியில் வந்த கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, இளஞ்சிவப்பு நிறங்கள் வெயிலில் வெளுப்பவை. சீட் கம்பியை இறுக்கும் வளையத்தைக் கழற்றினால், வெயில் படாத அந்தப் பட்டையில் முதல் நாள் நிறம் அப்படியே இருக்கும். வெளுத்தது வெளுத்ததுதான், எந்த பாலிஷும் அதைத் திருப்பித் தராது. மேலும் வெளுக்காமல் நிழலில் வைக்கலாம்.

துருவுக்கு நான் நம்புவது ஆக்ஸாலிக் அமிலம். லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் அளவில் பிளாஸ்டிக் தொட்டியில் கரைத்து, அலுமினிய பாகங்களையெல்லாம் கழற்றிய ஃப்ரேமை ஊறவைத்தால், பெரும்பாலான பெயின்டுகளைத் தொடாமல் துருவை மட்டும் தின்னும். சில நிறங்கள் மங்கக்கூடும், அதனால் முதலில் மறைவான இடத்தில் சோதியுங்கள். கரைசல் கடுமையானால் வெறும் எஃகின் மேல் மஞ்சள் படிவு ஒட்டிக்கொள்ளும். இது நஞ்சு: கையுறை, கண்ணாடி கட்டாயம், குழந்தைகள் புழங்கும் இடத்தில் கூடவே கூடாது. எடுத்ததும் சமையல் சோடா கலந்த நீரில் அலசி, உடனே உலர்த்தி, குழாய்களுக்குள் எண்ணெய் விடாவிட்டால் அன்றைக்கே புதுத் துரு பூக்கும்.

அசல் பெயின்ட் அதிகம் பாழாவது இறுகிப்போன சீட் கம்பியால்தான். அலுமினியக் கம்பியும் எஃகுக் குழாயும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் அரிமானம் இரண்டையும் கவ்விப் பிடித்துவிடும். உடனே தீ காட்டுகிறார்கள். அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும் உலோகம். சூட்டில் கம்பி இன்னும் இறுகும், பெயின்டும் கருகும். குளிரவைப்பதே சரி: கம்பிக்குள் உலர்பனிக்கட்டியை (உறைந்த கரியமில வாயு) நிரப்பினால் கம்பி குழாயைவிட அதிகம் சுருங்கும். அதற்கு முன் ஃப்ரேமைத் தலைகீழாக நிறுத்தி, பெடல் அச்சு சுழலும் குழாயின் வழியாக ஊடுருவும் எண்ணெயை நாள்கணக்கில் விட்டு ஊறவிடுங்கள். அப்படியும் அசையாவிட்டால் கம்பியை மேலே அறுத்து, ரம்பத் தகட்டை உள்ளே விட்டு நீளவாக்கில் கீறி எடுக்கலாம். கை வலிக்கும், அரை நாள் ஓடும், ஆனால் ஒரு சொட்டுப் பெயின்டும் போகாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைத்துவிடும் என்பது உண்மை, ஆனால் பட்ட இடத்தில் பெயின்டையும் சேர்த்து உரித்துவிடும், கூடவே தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். வீட்டில் யாரும் இதைச் செய்ய வேண்டாம்.

பெயின்ட் பெயர்ந்த சின்னச் சின்னப் புள்ளிகளுக்கு நான் நிறம் தேடுவதில்லை. துருவை ஈரத்தோடு மெல்லத் தேய்த்து எடுத்து, நிறமற்ற லாக்கர் பூச்சு ஒரு பொட்டு வைத்து, ஃப்ரேம் முழுக்க நிறமற்ற மெழுகு பூசுகிறேன். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்வாகத் தேய்த்துத் தூள் கிளப்ப வேண்டாம்.

புதிதாகப் பெயின்ட் அடித்தே ஆக வேண்டிய ஃப்ரேம்களும் உண்டு: வெடிப்பைப் பற்றவைத்தவை, துரு பள்ளம் பறித்தவை. அவற்றுக்கும் மெல்லியதாக அடிக்கும் திரவப் பெயின்டையே கேளுங்கள். பவுடர் கோட்டிங் தடித்துப் படிந்து, அடியில் பொறித்த வரிசை எண்ணையும் மூட்டுகளின் நெளிவையும் அடைத்துவிடும். பழைய பெயின்டை எடுக்கக் கொடுக்கும் முன், ஒவ்வொரு ஸ்டிக்கரையும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, அது குழாயின் முனையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று எழுதி வையுங்கள்.