மானியம் குறைந்தால் முதலில் வலிப்பது கணுக்கால்

நடனக் குழுக்களின் சுற்றுப்பயணங்களை ஏற்பாடு செய்வது என் வேலை. அரசு மானியம் குறைகிறது என்றதும் எல்லோரும் கேட்பது, "எத்தனை நிகழ்ச்சி ரத்தாகும்?" என்றுதான். ரத்தெல்லாம் பிறகு வருவது. அதற்கு வெகு முன்பே ஆடுகிறவர்களின் உடம்பு அந்தச் செலவைச் சுமக்கத் தொடங்கிவிடும்.

லாரி வாடகை, தங்குமிடம், மேடைத் தொழிலாளர் கூலி எதிலும் கைவைக்க முடியாது. வெட்டுவதற்கு மிஞ்சுவது ஓய்வு நாள், பிசியோதெரபிஸ்ட், மாற்று ஆட்டக்காரர், கூடவே கொண்டுபோகும் மரத்தளம். கான்கிரீட்டின் மேல் வெறும் வினைல் விரிப்பைப் போட்டு ஆடினால், குதித்து இறங்கும் அதிர்வு கணுக்காலிலும் கணைக்கால் எலும்பிலும்தான் இறங்கும். அப்படி ஒரு பயணத்தில் எங்கள் ஆட்டக்காரர் ஒருவருக்கு எலும்பில் கீறல் விழுந்தது. தனக்குப் பதில் ஆட ஆளில்லை என்பதால் மூன்று நாள் அவர் வாய் திறக்கவே இல்லை. பட்ஜெட்டிலிருந்து மாற்று ஆளை நீக்கியவன் நான். இன்றும் உறுத்துகிறது.

எங்களை அழைக்கும் சிறிய அரங்கங்களும் பெரும்பாலும் அரசுப் பணத்தை நம்பித்தான் இருக்கின்றன. ஏழு ஊர்ப் பயணத்தில் நடுவே இரண்டு அரங்கம் பின்வாங்கினால், லாரி ஓடும் தூரம் குறையாது. ஆட்டமில்லாத இரண்டு இரவுக்கும் அறை வாடகையும் தினப்படியும் கொடுத்தாக வேண்டும். அது மீதி ஐந்து ஊர்களின் தலையில் ஏறும். அவற்றில் ஒன்று அடுத்த ஆண்டு அழைக்காது.

ஒப்பந்தங்களை ஓராண்டுக்கு முன்பே போட்டுவிடுகிறோம். பணம் நடுவழியில் நின்றால் திரும்பிப் போக வழியில்லை. அமெரிக்காவின் தேசியக் கலை நிதியம் 2025 மே மாதம், ஏற்கெனவே அறிவித்த பல மானியங்களை அப்படித்தான் ரத்து செய்தது.

டிக்கெட் விலையை ஏற்றலாமே என்பார்கள். பொருளாதார அறிஞர்கள் வில்லியம் பாமலும் வில்லியம் போவெனும் 1966இலேயே இதை ஆராய்ந்தார்கள். எந்திரத்தால் தொழிற்சாலையில் ஆள்நேரம் குறையும், மேடையில் குறையாது. எட்டுப் பேர் ஆடும் நாற்பது நிமிட ஆட்டத்துக்கு என்றைக்கும் எட்டுப் பேர் நாற்பது நிமிடம் ஆடியே ஆக வேண்டும். மற்ற துறைகளோடு அவர்கள் சம்பளமும் உயரத்தானே வேண்டும்? அந்த வித்தியாசம் முழுவதையும் டிக்கெட்டில் ஏற்றினால் சிறிய ஊர்க்காரர்கள் வர முடியாது.

குழு நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேடையின் அடித்தளம் எப்படிப்பட்டது என்பதையும் ஓய்வு நாளையும் அரங்க ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். சிகிச்சைச் செலவை 'இதர செலவுகள்' என்பதற்குள் ஒளிக்காமல், மானிய விண்ணப்பத்தில் தனி வரியாகக் காட்டுங்கள். மாற்று ஆட்டக்காரரின் சம்பளத்தை நான் இப்போது முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன்.