விழுந்தால், விழுந்திருந்தால்: வேதாளைக் கரையில் ஓர் எரிகல் பாடம்

மே மாதம் முதல் வாரம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் மண்டபத்தில் விசைப்படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. பள்ளிக்கூடமும் விடுமுறை. வேதாளையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அன்று எடுத்தது ஒரு பயிற்சிப் புத்தகத்தில் வந்த வாசிப்புப் பகுதி. எரிகற்களைப் பற்றி இருபது வரி, கீழே ஐந்து கேள்வி, அதற்கும் கீழே ‘இஃப்’ வைத்து முடிக்க வேண்டிய பத்து வாக்கியங்கள்.

‘எரிகல் ஏன் ஒளிர்கிறது?’ என்பது இரண்டாவது கேள்வி. ‘காற்றோடு உரசுவதால்’ என்று பாடத்தில் ஒரு வரி இருந்தது. எல்லாரும் அந்த வரியை அப்படியே எடுத்து எழுதிவிட்டார்கள். ஒரு பெண் மட்டும் எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். “டீச்சர், நூறு கிலோமீட்டர் உயரத்தில எரியுதுன்னு முதல் பத்தியில இருக்கு. அங்க காற்றே கிடையாதுன்னு அறிவியல் டீச்சர் சொன்னாங்க. அப்புறம் அது எதோட உரசும்?”

வாசித்துப் புரிந்துகொள்வது என்றால் இதுதான். முதல் பத்தியையும் மூன்றாம் பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இடிக்கிறது என்று அவள் கண்டுபிடித்திருந்தாள். அன்று இலக்கணம் அப்படியே நின்றது. அவள் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் படிப்பு தேவைப்பட்டது.

நூறு கிலோமீட்டர் உயரத்தில் காற்று இருக்கிறது. ஆனால் கடற்கரையில் நாம் மூச்சு விடும் காற்றின் அடர்த்தியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அங்கே ஒரு மூலக்கூறு இன்னொன்றோடு மோதுவதற்கு முன்னால் பல சென்டிமீட்டர் தூரம் தனியாகப் பறக்கும். அந்த வெறுமைக்குள் மணல் பருமனுள்ள ஒரு துகள் நுழைகிறது. மே மாதத்தில் ஹேலி வால்மீனின் தூசியிலிருந்து வரும் துகள் என்றால் அதன் வேகம் வினாடிக்கு 66 கிலோமீட்டர். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்தத் துகளுக்கு ஒரு வினாடி போதும்.

இந்த வேகத்தில் வரும் ஒரு கிராம் துகளிடம் இருக்கும் ஆற்றலைத் திண்ணையிலேயே கணக்குப் போட்டோம். நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 22 லட்சம் ஜூல் வருகிறது. ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் அதனிடம் இருக்கும் ஆற்றலும் ஏறத்தாழ இவ்வளவுதான். அத்தனையும் ஒரு கிராமுக்குள். அதனால் காற்று எவ்வளவு மெலிந்திருந்தாலும் போதும். எதிரே வரும் ஒவ்வொரு மூலக்கூறும் துகளின் மேல் குண்டு பாய்ந்த மாதிரி மோதுகிறது. மேற்பரப்பு உருகி, ஆவியாகி, அணு அணுவாகப் பிய்ந்து போகிறது. பிய்ந்த அணுக்கள் காற்று மூலக்கூறுகளோடு மறுபடி மோதிக் கிளர்ச்சியடைகின்றன, பிறகு அந்த ஆற்றலை ஒளியாக விட்டுவிட்டு அடங்குகின்றன. நாம் பார்க்கும் கோடு அந்த ஒளிதான். விறகு எரிவதைப் போன்ற எரிதல் அங்கே நடப்பதில்லை. இரண்டு கையைத் தேய்த்தால் சூடாகிறதே, அந்த உரசலும் இல்லை.

கல் பெரிதாக இருந்தால், அல்லது இன்னும் கீழே இறங்கிவிட்டால், கதை கொஞ்சம் மாறும். முன்னால் இருக்கும் காற்று விலக நேரமில்லாமல் அமுங்கிப் பல ஆயிரம் டிகிரிக்குச் சூடாகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுவதும் காற்று அமுங்குவதால்தான். ‘உரசல்’ என்பது தவறு, ‘அமுக்கம்’ என்பதே சரி என்று சிலர் எழுதுகிறார்கள். பெரிய கல்லுக்கு அது பொருந்தும். மணல் பருமன் துகளுக்கு, ஒவ்வொன்றாக வந்து மோதும் மூலக்கூறுகள் என்பதே சரியான படம். எந்தக் கல், எந்த உயரம் என்று கேட்காமல் ஒரே பதிலைச் சொல்ல முடியாது.

நிறத்தைப் பற்றியும் பிள்ளைகள் கேட்டார்கள். கண் பட்டிருக்கும் என்று பாட்டி உப்பைச் சுற்றி அடுப்பில் போடுவார்கள் இல்லையா? அப்போது தீ ஒரு கணம் பளிச்சென்று மஞ்சளாகும். உப்பில் இருக்கும் சோடியத்தின் நிறம் அது. எரிகல்லில் சோடியம் இருந்தால் அதே ஆரஞ்சு மஞ்சள் தெரியும், மக்னீசியம் இருந்தால் பச்சை. தினமும் இப்படி ஆவியாகும் துகள்களால் பூமியைச் சுற்றி ஏறத்தாழ 90 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மெல்லிய சோடியப் படலமே இருக்கிறது. பெரிய தொலைநோக்கிகளில் மஞ்சள் லேசரைப் பாய்ச்சி அந்தப் படலத்தில் ஒரு புள்ளியை ஒளிரவைத்து, அதைச் செயற்கை நட்சத்திரமாகப் பயன்படுத்துகிறார்கள். 1963 நவம்பர் 21-ஆம் தேதி கேரளத்துத் தும்பா ராக்கெட் தளத்திலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட்டும் சோடியம் ஆவியைத்தான் சுமந்து போனது. மேலடுக்குக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று அந்த மேகத்தை வைத்துப் பார்ப்பதற்காக. அந்த ராக்கெட் பணியில் இருந்த இளம் பொறியாளர்களில் ஒருவர் நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாம். இதைச் சொன்னதும் திண்ணையில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

சரி, ‘இஃப்’ வாக்கியங்களுக்கு வருவோம்.

ஆங்கிலத்தில் இவை பொதுவாக நான்கு வகை. எப்போதும் நடப்பது, நடக்கக்கூடியது, கற்பனையாகச் சொல்வது, நடக்காமல் போனது. பிள்ளைகளுக்கு மூன்றாவதுதான் பெரிய தலைவலி. நாளைக்கு நடப்பதைச் சொல்லும்போது ‘இஃப் எ ஸ்டோன் ஃபெல் டுமாரோ’ என்று எதற்கு இறந்தகாலத்தைப் போட வேண்டும்? நான் பலகையில் ‘விழுந்தான்’ என்று எழுதி, அதற்குக் கீழே ‘விழுந்தால்’ என்று எழுதினேன். வந்தான், வந்தால். போனான், போனால். நம் ‘ஆல்’ உட்கார்ந்திருப்பதே இறந்தகால அடியின் மேல்தான். ‘நாளைக்கு விழுந்தால்’ என்று பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம், யாருக்கும் உறுத்தியதில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. ‘மழை பெய்தால் குடை எடுப்பேன்’, ‘சிறகு இருந்தால் பறப்பேன்’ என்று தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘ஆல்’ போதும். ஆங்கிலம் முதலாவதற்கு நிகழ்காலத்தையும் இரண்டாவதற்கு இறந்தகாலத்தையும் வைக்கிறது. ஒரு செய்தி உண்மையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை அந்த மொழி காலத்தை வைத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

இதை எரிகல்லை வைத்துப் பழகினால் சீக்கிரம் பிடிபடுகிறது என்பது என் அனுபவம். எரிகல் ஆராய்ச்சியில் கேட்கப்படும் கேள்விகளும் இந்த நான்கு வகைதான்.

எப்போதும் நடப்பது: துகள் இந்த வேகத்தில் நுழைந்தால் ஒளிர்கிறது. நடக்கக்கூடியது: இன்று இரவு மேகம் இல்லாவிட்டால் பார்ப்போம். இந்த இரண்டாவது வாக்கியத்தை எழுதிப் பார்ப்பதோடு விடாமல், நிலா தொந்தரவு இல்லாத ஓர் இரவில் செய்தும் பார்த்தோம்.

ஆண்டுதோறும் மே 5, 6 தேதிகளை ஒட்டி பூமி ஒரு தூசிப் பாதையைக் கடக்கிறது. ஹேலி வால்மீன் சூரியனைச் சுற்றிவரும்போதெல்லாம் உதிர்த்துவிட்டுப் போன தூசி அது. வால்மீன் 1986-இல் வந்தது, இனி 2061-இல்தான் வரும். ஆனால் அதன் தூசி ஒவ்வொரு மே மாதமும் நமக்கு எரிகல் பொழிவாகக் கிடைக்கிறது. கோடுகள் எல்லாம் கும்ப ராசியில் ஒரு புள்ளியிலிருந்து கிளம்புவதுபோலத் தெரியும். உண்மையில் அவை ஒன்றுக்கொன்று இணையாக வருபவை. பாம்பன் பாலத்தின் தண்டவாளம் தூரத்தில் ஒரு புள்ளியில் சேர்வதாகத் தெரிகிறதே, அதே கண்மயக்கம். அந்தப் புள்ளி நம் கரையில் இரவு 2 மணிவாக்கில் கிழக்கே எழுகிறது. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு அது எழுந்த சற்று நேரத்தில் விடிந்துவிடும். நமக்கு அது நன்றாக மேலே ஏறிவர நேரம் இருக்கிறது. டிசம்பர் 13, 14-இல் வரும் மிதுன ராசிப் பொழிவு இதைவிடப் பெரியது என்றாலும், அப்போது இந்தக் கரையில் வடகிழக்குப் பருவமழை மேகம். அதனால் ராமநாதபுரம் கரைக்கு ஏற்ற எரிகல் பொழிவு எது என்று கேட்டால் மே மாதத்துப் பொழிவு என்றே சொல்வேன். மழை மேகம் குறைவு, பள்ளி விடுமுறை, கடலில் விசைப்படகு விளக்குகளும் கிடையாது.

மூன்று மணிக்குப் பிள்ளைகளும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் கடற்கரையில் பாய் விரித்துப் படுத்தோம். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும். அதுவரை போனைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் 19 எண்ணினோம். ஒன்று கிழக்கே தாழ்வாக நீண்ட கோடாக ஓடி மறைந்தது. ஒரு பையனின் அப்பா, நாற்பது வருடம் கடலுக்குப் போனவர், கையை நீட்டி, “அந்தா, கடல்ல விழுந்துருச்சு டீச்சர்” என்றார்.

பார்ப்பவர் எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒளிரும் ஒன்று அடிவானத்துக்கு மேல் பத்து டிகிரியில் தெரிந்தால், அது நம்மிடமிருந்து ஏறத்தாழ 480 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கிழக்கே என்றால் இலங்கையைத் தாண்டி வங்கக் கடலுக்கு மேலே. அந்தத் துகள் கடலைத் தொடவே இல்லை, மேலேயே தீர்ந்துபோனது. “அப்போ நான் இத்தனை வருசம் பார்த்த எதுவும் விழலையா?” என்று அவர் கேட்டார். அநேகமாக எதுவும் விழவில்லை, அண்ணே. தரைக்கு வந்து சேர்வதற்கு இன்னும் பெரிய கல் வேண்டும், வேகமும் குறைவாக இருக்க வேண்டும்.

கற்பனையாகச் சொல்வது: 20 மீட்டர் அகலமுள்ள ஒரு கல் வேதாளைக்கு மேலே வந்தால்? இதற்கு விடையை 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரம் காட்டியிருக்கிறது. ஏறத்தாழ 20 மீட்டர் கல் வினாடிக்கு 19 கிலோமீட்டர் வேகத்தில் வந்து 30 கிலோமீட்டர் உயரத்தில் சிதறியது. ஹிரோஷிமா குண்டைப்போல ஏறத்தாழ முப்பது மடங்கு ஆற்றல். காயமடைந்தவர்கள் சுமார் 1500 பேர், பெரும்பாலும் கண்ணாடிச் சில்லுகளால். காரணம் எளிய கணக்கு. வெளிச்சம் உடனே வந்துவிடும். அதிர்வலை 30 கிலோமீட்டரைக் கடக்க ஒன்றரை நிமிடமாவது ஆகும். வெளிச்சத்தைப் பார்த்தவர்கள் என்ன அது என்று ஜன்னலுக்கு ஓடினார்கள். அவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்போது கண்ணாடி நொறுங்கியது. வானத்தில் சூரியனைப்போல ஒரு வெளிச்சம் வந்தால் ஜன்னலை விட்டு விலகி உட்காருங்கள் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்லி, இரண்டு முறை திருப்பிச் சொல்லவைத்தேன்.

நடக்காமல் போனது: அந்தக் கல் சாய்வாக வந்தது, கிடைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 18 டிகிரி. செங்குத்தாக வந்திருந்தால் இன்னும் கீழே இறங்கிச் சிதறியிருக்கும், சேதம் பல மடங்காகியிருக்கும். ‘வந்திருந்தால்... ஆகியிருக்கும்’ என்று நாம் சொல்வதும் ஆங்கிலத்தின் நான்காவது வகையும் ஏறக்குறைய ஒரே எலும்புக்கூடு. இதைப் பிள்ளைகள் ஒரே தடவையில் எழுதிவிட்டார்கள்.

இந்த வகை வாக்கியத்துக்கு நம் ஊர்ப் பக்கத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2016 பிப்ரவரியில், அப்போதைய வேலூர் மாவட்டத்தில் ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிப்பு ஏற்பட்டு ஒருவர் உயிரிழந்தார். விண்கல் விழுந்ததாக அப்போது அறிவிக்கப்பட்டது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், தரையில் நடந்த வெடிப்பைப்போல இருக்கிறது என்றார்கள். ஏன் என்று இப்போது பிள்ளைகளாலேயே சொல்ல முடிந்தது. சிறிய கல் என்றால் காற்று அதன் வேகத்தை எல்லாம் தின்றிருக்கும். கடைசி பதினைந்து இருபது கிலோமீட்டர் ஒளியே இல்லாமல், மேலிருந்து போட்ட சாதாரணக் கல்லைப்போலத்தான் விழுந்திருக்கும். விழுந்த இடத்தில் குழி விழலாம், ஓடு உடையலாம், வெடித்திருக்காது.

எங்கள் பாட்டிக்கும் ஓர் ‘ஆல்’ வாக்கியம் இருந்தது. நட்சத்திரம் விழுவதைப் பார்த்தால் படித்தது மறந்துபோகும், உடனே பச்சை மரத்தைப் பார்த்துவிடு என்பார்கள். இதைவிடப் பழைய அச்சமும் உண்டு. புறநானூற்றின் 229-ஆம் பாட்டில், பங்குனி மாத நள்ளிரவில் ஒரு விண்மீன் வானிலிருந்து விழுவதைப் புலவர் கூடலூர் கிழார் பார்க்கிறார், தம் அரசனுக்கு ஏதோ ஆகப்போகிறது என்று கலங்குகிறார். அந்தக் கலக்கத்திலும் எந்த நட்சத்திரம் எங்கே நின்றது என்று எழுதிவைத்திருக்கிறார். விழுந்த விண்மீன் கிழக்கேயும் போகவில்லை, வடக்கேயும் போகவில்லை என்று திசையையும் சொல்கிறார். கரையில் அன்று இரவு நாங்கள் நோட்டில் எழுதியதும் அதே விவரங்கள்தான்: மணி, திசை, உயரம், நிறம்.

ஐந்து மணிவாக்கில் கிழக்கு வெளுக்கத் தொடங்கியது. பாயைச் சுருட்டும்போது, உரசலைப் பற்றிக் கேட்ட அந்தப் பெண் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். பயிற்சியில் இல்லாத பதினோராவது வாக்கியத்தை அவளே ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். 2061-இல் வானம் தெளிவாக இருந்தால் இந்தத் தூசியின் அம்மாவைப் பார்ப்பேன் என்று. இரண்டு பகுதியிலும் காலம் சரியாக இருந்தது. நடக்கக்கூடியதற்கு உரிய வடிவத்தைத்தான் போட்டிருந்தாள்.