வீட்டுத் தார்ப் பாதைக்கு மேற்பூச்சு: மழைக்கு முந்திக்கொள்ளும் வேலை

மலைநாட்டு வீடுகளில் கேட்டிலிருந்து வாசல் வரை போட்ட தார்ப் பாதை முதல் வருடம் கன்னங்கரேலென்று இருக்கும். மூன்று நான்கு வருடத்தில் சாம்பல் பூத்துவிடும். ஓரங்களில் பாசி ஏறும்; தும்புத்தடியால் கூட்டினால் குப்பையோடு மணலும் பொடிச் சல்லியும் வரும். மேற்பூச்சுக்குச் சரியான பருவம் இதுதான். வெடிப்பு வலைபோலப் பின்னி, கால் வைத்தால் தளம் ஆடுகிற நிலைக்குப் போய்விட்டால் பூச்சால் ஒன்றும் ஆகாது. வெட்டியெடுத்து அடித்தளத்திலிருந்து மறுபடி போட வேண்டியதுதான்.

சாம்பல் பூப்பது ஏன்? நாம் தார் என்று சொல்வது பிட்டுமன். கச்சா எண்ணெயை வடித்தபின் அடியில் மிஞ்சுவது. அது எண்ணெய்ப்பசைக்குள் அஸ்பால்டீன் என்ற கடினப் பொருள் பரவிக்கிடக்கும் கலவை. காற்றின் ஒட்சிசன் அந்தப் பசையைச் சிறிது சிறிதாகக் கடினப் பொருளாக மாற்றுகிறது. வெயிலின் புறஊதாக் கதிர் மேல்தோலில் இந்த வேலையை விரட்டுகிறது. பசை குறைந்த தார் வளையாது, நொறுங்கும். நொறுங்கிய இடத்தில் கல் வெளியே தெரியும். மலையில் குளிர்தானே, வெயில் என்ன செய்யும் என்று நினைக்க வேண்டாம். உயரம் 1000 மீற்றர் கூடினால் புறஊதாக் கதிர் நூற்றுக்குப் பத்து அளவில் கூடும். நுவரெலியா 1868 மீற்றரில் இருக்கிறது.

வெளிநாட்டுக் குறிப்புகளில் பாதி, வெடிப்புக்குள் நீர் உறைந்து தாரைப் பிளப்பதைப் பற்றியே பேசும். நமக்கு அந்தக் கவலை இல்லை. நுவரெலியாவில் தை மாசியில் புல்லில் படியும் உறைபனி தளத்துக்குள் இறங்குவதில்லை. நம்முடைய எதிரி உறையாத தண்ணீர். கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் ஆண்டு மழை 5000 மில்லிமீற்றரைத் தாண்டும். 25 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலமான பாதையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் 3750 லீற்றர் தண்ணீர். மேட்டிலிருந்து வழிந்து வருவது கணக்கில் இல்லை. அது வெடிப்பு வழியே இறங்கி அடிமண்ணைக் களியாக்கும். இன்னொரு வேலையும் செய்யும். மலைநாட்டுக் குவாரிக் கல்லில் வெங்கச்சங்கல் (குவாட்ஸ்) அதிகம். அந்தக் கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீர்தான் நெருக்கம். நீர் நுழைந்தால் கல்லைத் தாரிலிருந்து கழற்றிவிடும்.

பூசப்போவது பிட்டுமன் இமல்ஷன். மயிரிழையைவிடப் பல மடங்கு சிறிய, ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று முதல் பத்து பங்கு வரையான தார்த்துளிகள் தண்ணீரில் மிதக்கின்றன. அறுபது பங்கு தார் என்றால் ஏறக்குறைய நாற்பது பங்கு தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரம் போன்ற பொருள். அந்தப் பொருள் துளி ஒவ்வொன்றுக்கும் நேர் மின்னேற்றம் கொடுக்கும் வகையையே கேட்டு வாங்குங்கள். வெங்கச்சங்கல்லின் மேற்பரப்பு எதிர் மின்னேற்றம் கொண்டது, ஆகவே துளி தானாகவே கல்லைத் தேடி ஒட்டும். ஊற்றும்போது கபில நிறம். துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்ததும் கறுப்பாகும். இதைத்தான் இமல்ஷன் 'உடைகிறது' என்பார்கள்.

வாங்கும்போது 'மெதுவாக உடையும்' வகைதானா என்று கேட்பது முக்கியம். வேகமாக உடையும் வகையில் தண்ணீர் கலந்தாலோ தூசி விழுந்தாலோ வாளியிலேயே கட்டியாகிவிடும். நேரேற்ற வகையையும் எதிரேற்ற வகையையும் ஒரே வாளியில் ஊற்றினாலும் அதே கதிதான். மண்ணெண்ணெய் விட்டு இளக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது இமல்ஷனோடு சேராது; கீழேயுள்ள பழைய தாரையும் இளக்கிவிடும்.

இனி அளவு. ஒரு பங்கு இமல்ஷனுக்கு ஒரு பங்கு தண்ணீர். தண்ணீரைத்தான் இமல்ஷனுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிண்ட வேண்டும், மாறிச் செய்தால் திரியும். பீப்பாய் நாட்கணக்கில் நின்றிருந்தால் முதலில் மெதுவாக உருட்டிக் கலக்குங்கள். முதல் பூச்சுக்குச் சதுர மீற்றருக்கு அரை லீற்றர் கலவை, இரண்டாவதற்கு 0.35 லீற்றர். மேலே சொன்ன 75 சதுர மீற்றர் பாதைக்கு ஏறத்தாழ 64 லீற்றர் கலவை, அதாவது 32 லீற்றர் இமல்ஷன். 35 லீற்றர் வாங்கினால் போதும். களியும் மணலும் சேர்த்துத் தயாராக வரும் பூச்சுகளில் இந்தக் கணக்கு செல்லாது. அவற்றுக்கு வாளியில் அச்சிட்ட அளவே அளவு.

அரை லீற்றரில் தார் எவ்வளவு மிஞ்சும் என்று பாருங்கள்: சதுர மீற்றருக்கு 0.15 லீற்றர், தடிப்பில் 0.15 மில்லிமீற்றர். இரண்டு தலைமயிரை அடுக்கிய தடிப்பு! மீதி 0.35 லீற்றரும் தண்ணீர், அவ்வளவும் ஆவியாகிப் போக வேண்டும். முழுப் பாதைக்கும் முதல் பூச்சில் மட்டும் 26 லீற்றர். அதை ஆவியாக்கத் தேவையான வெப்பம் 17 அலகு மின்சாரத்துக்குச் சமம். அதை வெயிலும் காற்றும்தான் தர வேண்டும். 'கெட்டியாகப் பூசினால் நீடிக்கும்' என்ற நினைப்பு கவிழ்வது இங்கேதான். தடித்த பூச்சின் மேற்பகுதி முதலில் உடைந்து ஆடைபோல் மூடிக்கொள்ளும்; அடியில் தண்ணீர் சிறைப்படும். மேலே கறுப்பு, கீழே கபிலக் கூழ். டயர் திரும்பினால் அப்படியே உரிந்து வரும்.

ஆகவே நாள் பார்ப்பதே பாதி வேலை. ஹட்டன், தலவாக்கலை, நோர்வூட் பக்கம் தை நடுவிலிருந்து பங்குனித் தொடக்கம் வரை தோதான காலம். பதுளை, பண்டாரவளை, வெலிமடையில் அப்போது வடகீழ்ப் பருவமழையின் எச்சம் இருக்கும். அவர்களுக்கு ஆனி முதல் ஆவணி வரை. தளத்தின் வெப்பம் 10 பாகைக்குக் குறையக்கூடாது, ஏறுமுகமாகவும் இருக்க வேண்டும். பனி ஈரம் காய்ந்தபின் ஒன்பது மணியளவில் தொடங்கி நண்பகலுக்குள் முடியுங்கள். மழை மட்டுமல்ல, மாலை மூடுபனியும் கெடுக்கும்: காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்தால் பூச்சின் தண்ணீர் போக இடமில்லை.

முன்வேலையில் பாசிதான் பெரிய தொல்லை. சுரண்டினால் மட்டும் போதாது, வேர்போன்ற இழைகள் துவாரங்களில் தங்கிவிடும். ப்ளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றிக் காய்ந்தபின் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் உலர விடுங்கள்; கழுவிய நீர் கிணற்றுப் பக்கமோ ஓடைப் பக்கமோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் கறையை மரத்தூள் போட்டு உறிஞ்சி, சவர்க்காரத் தூளால் தேய்க்க வேண்டும். கறை போனதா என்று அறிய ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். தண்ணீர் சேம்பிலையில் நிற்பதுபோல் உருண்டு நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, அங்கே பூச்சு ஒட்டாது. மூன்று மில்லிமீற்றருக்கு மேற்பட்ட வெடிப்பை இந்தப் பூச்சு அடைக்காது. புல்லைப் பிடுங்கி, தூசி ஊதி, வெடிப்பு அடைக்கும் ரப்பர் கலந்த தாரால் முதலில் நிரப்புங்கள். மேட்டுப் பக்க வடிகானைத் தூர்வாருவதும் இந்த வேலையில் சேர்த்திதான். புதிதாகப் போட்ட பாதையென்றால் ஆறு மாதமாவது பொறுங்கள்.

பூசுவது மேட்டிலிருந்து பள்ளத்துக்கு. பூவாளியால் குறுக்கே ஒரு பட்டை ஊற்றி, ரப்பர் வைத்த தள்ளியாலோ மென்மையான தும்புத்தடியாலோ சரிவுக்குக் குறுக்காக இழுங்கள். குழிகளில் தேங்கினால் உடனே வழித்தெடுங்கள். முதல் பூச்சு முழுக்கக் கறுத்து, பெருவிரலை அழுத்தித் திருகினாலும் கறை பிடிக்காத நிலை வந்தபின்தான் இரண்டாவது. மலையில் அது பெரும்பாலும் மறுநாள். சரிவான பாதைக்கு இன்னொன்று கட்டாயம்: இரண்டாம் பூச்சு கபிலமாக இருக்கும்போதே, மா அரிக்கும் அரிதட்டில் அரித்துக் காயவைத்த ஆற்று மணலைச் சதுர மீற்றருக்கு 400 கிராம் வீதம் தூவுங்கள். மொத்தம் 30 கிலோ. மணல் இல்லாத வழவழப்பான தார்த்தோலில் மழை நாளில் வாகனம் கேட்டை நோக்கிச் சறுக்கும். ஒட்டாத மணலை மறுநாள் கூட்டிவிடலாம்.

வாகனத்தை 48 மணி நேரம் ஏற்றாதீர்கள். நடுவில் மழை வந்து கபில நீர் வழிந்தோடினால் அந்த இடம் புள்ளி புள்ளியாகத் தெரியும். காய்ந்தபின் அங்கே மட்டும் மெல்லிதாகத் தொட்டுவிடலாம். வருடா வருடம் பூசவும் வேண்டாம், அடுக்கு ஏறினால் தோலாகக் கிளம்பும். மூன்று முதல் ஐந்து வருட இடைவெளி போதும்.

கடையில் 'பெற்றோல் சிந்தினாலும் கரையாது' என்று சொல்லித் தரும் பூச்சு நிலக்கரித் தாராக இருக்கலாம். ஒரு துணியில் மண்ணெண்ணெய் தொட்டு, காய்ந்த துளி ஒன்றைத் தேயுங்கள். பிட்டுமன் கபிலமாகக் கரைந்து துணியில் ஏறும், நிலக்கரித் தார் அசையாது. அதில் புற்றுநோயோடு தொடர்புள்ள சேர்வைகள் அதிகம். தேய்ந்த தூளாக மழைநீரில் போகும். இந்தக் காரணத்தால் அமெரிக்காவின் ஒஸ்டின் நகரம் 2006இல் அதற்குத் தடை போட்டது. நம் பாதைகளில் வழியும் நீர் பெரும்பாலும் மகாவலிக்கோ களனிக்கோ போய்ச் சேர்கிறது, களனித் தண்ணீரைக் கொழும்பு குடிக்கிறது. துணியில் கறை ஏறாத பூச்சை வாங்காதீர்கள்.