பழுப்புக்கொட்டையா, ஹேசலா?

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த தோட்டக் குறிப்பு ஒன்றில் 'நாட்டுப் பழுப்புக்கொட்டைப் புதர்' மறுபடியும் கண்ணில் பட்டது. சொல்லவந்தது ஹேசல்நட் என்னும் கொட்டை காய்க்கும் அமெரிக்க ஹேசலை. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காட்டோரங்களில் தானாக வளரும் செடி அது; அறிவியல் பெயர் கோரிலஸ் அமெரிக்கானா. அந்தத் தொடரில் புதர் ஒன்றுதான் சரி.

பெயரின் பிறப்பை முதலில் முடித்துவிடலாம். ஹேசல் பழைய ஆங்கிலச் சொல். லத்தீனின் 'கோரிலஸ்' அதற்கு ஒன்றுவிட்ட உறவு. ஐரோப்பிய ஹேசலின் அறிவியல் பெயரில் உள்ள 'அவெல்லானா' இத்தாலியின் அவெல்லா என்னும் ஊரால் வந்தது. இந்தக் கொட்டைக்கு ஆங்கிலத்தில் உள்ள இன்னொரு பெயரான 'ஃபில்பர்ட்', ஆகஸ்ட் 20 அன்று, கொட்டை முற்றும் பருவத்தில், திருநாள் வரும் புனித ஃபிலிபெர்ட்டின் பெயரை ஒட்டியது. கிரேக்கர் இந்தக் கொட்டையைக் கருங்கடற்கரைப் பொந்தஸ் நாட்டை வைத்து அழைத்தார்கள். அது அரபியில் 'புந்துக்' ஆகி, உருண்டை, குண்டு என்று பொருள் விரிந்து, இந்தியில் துப்பாக்கியைக் குறிக்கும் 'பந்தூக்' வரை வந்துவிட்டது. ஊர், நாடு, திருநாள் என்று எதையெதையோ பிடித்தவர்கள் யாரும் நிறத்தைப் பிடிக்கவில்லை.

நம்மவர்கள் பிடித்தார்கள். ஆங்கிலத்தில் கண்ணின் நிறத்தைச் சொல்ல 'ஹேசல் கண்கள்' என்ற வழக்கு உண்டு. அகராதியில் ஹேசலுக்குப் பழுப்பு என்று பார்த்தவர் அதைத் தூக்கிக் கொட்டையின் தலையில் வைத்துவிட்டார். நடந்ததோ தலைகீழ், கொட்டையின் ஓட்டைப் பார்த்துத்தான் நிறத்துக்கு அந்தப் பெயர் வந்தது. கத்தரிப்பூ நிறம் என்கிறோமே, அதற்காகக் கத்தரிக்காயை 'ஊதாக்காய்' என்று எழுதுவோமா? பழுப்பு அடையாளம் சொல்லும் நிறமும் இல்லை. பாதாமும் வால்நட்டும் பாக்கும் வேறென்ன நிறம்?

இன்னொரு சிக்கல் தமிழுக்குள்ளேயே இருக்கிறது. பழுப்பு, பழுத்தலில் பிறந்த சொல். தோட்டக்காரருக்கு 'இலை பழுப்படித்துவிட்டது' என்றால் நோய் அல்லது மூப்பு. அவரிடம் பழுப்புக்கொட்டை என்றால் கெட்டுப்போன கொட்டை என்றுதான் நினைப்பார். கொட்டையை மூடிய பச்சை மேலுறை பழுப்பாகத் தொடங்கும்போது பறிக்க வேண்டும் என்பது முக்கியமான குறிப்பு. மொழிபெயர்ப்பில் அது 'பழுப்புக்கொட்டை பழுப்பானதும் பறிக்கவும்' என்று வந்து நிற்கிறது.

தனித்தமிழ் அன்பர்கள் கிரந்தத்தை நீக்கி 'ஏசல்' என்கிறார்கள். ஏசல் என்றால் வசவு. அணில்கள் கொட்டையை முந்திக்கொள்ளும் தோட்டங்களுக்கு வேண்டுமானால் பொருந்தும். கிரந்தம் கூடாது என்ற கொள்கைமேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஓர் எழுத்தைக் காப்பாற்றப் பொருளைக் கெடுப்பது தூய்மை ஆகாது.

அடுத்தது 'நாட்டு'. நாட்டுக்கோழி, நாட்டுத்தக்காளி என்று நாம் சொல்வது, சீமைச் சரக்குக்கு மாறாக நம் பக்கம் காலங்காலமாக வளர்ப்பதை. அமெரிக்க மண்ணுக்கு உரிய காட்டுச்செடியை 'நாட்டு' என்றால் சேலத்து நாற்றங்காலில் கிடைக்குமோ என்று தேடுவார்கள். இயல் தாவரம், அயல் தாவரம் என்ற இணை இயற்கை எழுத்தாளர்களிடம் ஏற்கெனவே புழங்குகிறது. 'இயல் ஹேசல்' போதும்.

என் தீர்ப்பு இதுதான்: ஹேசல் என்ற பெயர் அப்படியே இருக்கட்டும், 'நட்' மட்டும் போகட்டும். செடிக்கு ஹேசல் புதர்; ஓட்டோடு இருந்தால் ஹேசல் கொட்டை; உடைத்து எடுத்தால் ஹேசல் பருப்பு. கொட்டையையும் பருப்பையும் பிரித்துச் சொல்ல ஆங்கிலம் தடுமாறும் இடத்தில் முந்திரியை வைத்து நமக்கு வழி தெளிவாகவே இருக்கிறது. 'ஹேசல்நட் கொட்டை' என்று எழுதுபவர்கள் 'நடுசென்டர்' என்றும் எழுதலாம்.

பெயரோடு நின்றால் பரவாயில்லை. 'ஒரு ஆண் செடி, ஒரு பெண் செடி நடவும்' என்றும் அதே குறிப்பு சொல்கிறது. ஹேசலில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே புதரில்தான். குளிர்காலக் கடைசியில் ஆண் பூங்கதிர்கள் நீளமாகத் தொங்கும்; பெண்பூவோ மொட்டின் நுனியில் எட்டிப்பார்க்கும் சில சிவப்பு இழைகள்தான். மகரந்தம் காற்றில் போகும், ஆனால் தன் மகரந்தத்தில் காய் பிடிக்காது. அதனால்தான் இரண்டு புதர் வேண்டும், அவை மரபில் வேறுபட்டிருக்கவும் வேண்டும். அடியிலிருந்து கிளம்பும் பக்கக்கன்றைப் பிரித்து நட்டால் அது அதே செடிதான். எத்தனை நட்டாலும் கொட்டை வராது.