கேப் டவுனில் எந்த மரத்துக்குத் தண்ணீர்?

2018 பிப்ரவரி 1 முதல் தென்னாப்பிரிக்காவில் நாங்கள் வாழும் கேப் டவுனில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான் என்று மாநகராட்சி உத்தரவு போட்டது. குளிக்க, சமைக்க, துவைக்க, கழிவறைக்கு எல்லாமே அதற்குள். செடிக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூன்று வருடம் தொடர்ந்து மழை குறைந்து அணைகள் அடிமட்டத்துக்குப் போயிருந்தன. 2015 தொடக்கத்தில் நாளுக்குச் சுமார் 120 கோடி லிட்டர் செலவழித்த ஊர், மூன்றே வருடத்தில் அதைப் பாதிக்கும் கீழே இறக்கியது. குழாய்கள் மூடப்படும் ‘டே ஜீரோ’ வரவே இல்லை. இதை உலகமே பாராட்டி எழுதிவிட்டது. மரங்களுக்கு என்ன ஆனது என்பதைத்தான் அதிகம் பேர் பேசவில்லை.

தெருவோரத்து பிளேன் மரமும் ஓக் மரமும் மழையை மட்டும் நம்பி வாழ்வதில்லை. பக்கத்து வீட்டுப் புல்தரைக்கு அடித்த தண்ணீர், காரைக் கழுவி வழிந்தது, நிலத்தடிக் குழாயில் கசிந்தது என்று நாம் வீணடிப்பதிலும் அவை ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்கின்றன. நாம் சிக்கனமானோம், கசிவைக் குறைக்க மாநகராட்சி குழாய் அழுத்தத்தையும் தாழ்த்தியது. இரண்டுமே செய்ய வேண்டியதுதான். ஆனால் மரத்தின் பங்கும் அதோடு போய்விட்டது.

நாட்டின் கிழக்குக் கரையில், டர்பனில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இது எளிதில் புரியாது. அங்கே மழை கோடையில் வரும்; வெயிலும் ஈரமும் சேர்ந்தே இருக்கும். இங்கே கேப் டவுனில் மழை மே முதல் ஆகஸ்ட் வரை, குளிரில். கோடையான டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வெயிலும் வறண்ட தென்கிழக்குக் காற்றும்தான். மரத்துக்குத் தாகம் உச்சத்தில் இருக்கும்போது வானம் கைவிரித்துவிடும். நம்மவர்கள் நிறையப் பேர் வசிக்கும் ரைலண்ட்ஸ் பக்கம் இன்னும் மோசம்: அது இருக்கும் கேப் ஃபிளாட்ஸ் சமவெளி முழுக்க மணல். ஊற்றியது நிற்காமல் கீழே இறங்கிவிடும்.

மரத்துக்குள் தண்ணீர் ஏறுவதற்கு மோட்டார் எதுவும் கிடையாது. இலையின் அடிப்பக்கத்திலுள்ள நுண்துளைகள் வழியாக ஈரம் ஆவியாகப் போகிறது. போன இடத்தை நிரப்ப, கீழேயிருக்கும் நீர் மேலே இழுபடுகிறது. வேரிலிருந்து உச்சி இலை வரை மெல்லிய குழாய்களில் அறுபடாத நீர்க்கம்பிகளாக அது நிற்கிறது. மண் காயக் காய இழுவிசை கூடும். வறண்ட நாளின் பிற்பகலில் காற்றழுத்தத்தைப்போல் 10, 20 மடங்குக்குப் போகும். ஒரு கட்டத்தில் குழாய்க்குள் காற்றுக்குமிழி புகுந்து நீர்க்கம்பி அறுந்துவிடும். இளநீர் குடிக்கும் ஸ்ட்ராவில் ஓட்டை விழுந்த மாதிரிதான், எவ்வளவு உறிஞ்சினாலும் காற்றுதான் வரும். நீர்க்கம்பி அறுபடும்போது எழும் நுண்ணொலி நம் காதுக்குக் கேட்காது, கருவி வைத்தால் பதிவாகும்.

இதைத் தவிர்க்க மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்ளலாம். ஆனால் கரியமில வாயு உள்ளே வருவதும் அதே துளை வழியாகத்தான். மூடினால் உணவுத் தயாரிப்பு நிற்கும், சேமித்து வைத்த மாவுச்சத்து கரையும். திறந்தால் தாகம், மூடினால் பசி. அதனால்தான் பல மரங்கள் வறட்சியின் நடுவே சாகாமல், மழை வந்து நாமெல்லாம் நிம்மதியான பிறகு கிளை கிளையாகக் காய்கின்றன. பலவீனமான மரத்துக்குப் பூச்சியை எதிர்க்கும் தெம்பும் குறைவு.

துளையை மூடிய மரம் தெருவைக் குளிர்விப்பதையும் நிறுத்திவிடும். 100 லிட்டர் ஆவியாக ஏறத்தாழ 68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் செலவாகிறது. அந்த வெப்பத்தை மரம் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. நிழல் இருக்கும், குளிர்ச்சி பாதிதான் இருக்கும்.

மலைக்குப் போனால் கணக்கு தலைகீழ். கேப் மலைகளின் சொந்தத் தாவரம் ஃபின்போஸ் என்ற குட்டைப் புதர்க்காடு. கொஞ்சமாகக் குடித்துவிட்டு மிச்சத்தை ஓடைக்கு விட்டுவிடும். அங்கே வெளியிலிருந்து வந்த பைனும் ஆஸ்திரேலிய வேல மரங்களும் பரவிவிட்டன. இவை உயரமானவை, ஆழ வேர் விடுபவை, வருடம் முழுக்கப் பச்சையாக இருந்து குடிப்பவை. ஸ்டெல்லன்பாஷ் அருகே யோங்கர்ஸ்ஹூக் பள்ளத்தாக்கில் 1930களிலிருந்து ஓடை நீரை அளந்து வருகிறார்கள்; பைன் வளர வளர ஓடை சுருங்கியது அங்கே தெளிவாகப் பதிவானது. கேப் டவுனுக்கு நீர் தரும் மலைப்பகுதிகளில் அந்நிய மரங்களால் வருடத்துக்கு 5,500 கோடி லிட்டர் இழப்பு என்பது ஒரு மதிப்பீடு. ஊருக்கு இரண்டு மாதத் தண்ணீர்! இந்த மரங்களை வெட்டுவதையே வேலைவாய்ப்பாக்கிய ‘வொர்க்கிங் ஃபார் வாட்டர்’ திட்டத்தை 1995இல் தொடங்கியவர் அன்றைய நீர்வள அமைச்சர் காதர் அஸ்மல், டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் ஸ்டாங்கரில் பிறந்தவர். மரம் வெட்டுவது பாவம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது உறுத்தும்தான். ஆனாலும் நீர்ப்பிடிப்பு மலையில் தானாக முளைத்துப் பரவும் பைனை வெட்டியே ஆக வேண்டும் என்பது என் கட்சி. டோக்காய் மாதிரி ஊரை ஒட்டி, ஜனங்கள் நிழலுக்கு நடக்கிற பைன் தோப்பு என்றால் அவ்வளவு சுலபமாகச் சொல்ல மாட்டேன்.

சரி, வீட்டு மரத்துக்கு என்ன செய்வது? நட்டு இரண்டு மூன்று வருடம்கூட ஆகாத கன்றுக்கு முதலிடம் கொடுங்கள். அதன் வேர் இன்னும் ஆழம் போயிருக்காது. பெரிய மரமென்றால் அடிமரத்தில் ஊற்றிப் பயனில்லை, உறிஞ்சும் வேர்கள் கிளை விரிந்த ஓரத்துக்குக் கீழேயும் அதற்கு வெளியேயும் இருக்கின்றன. தினமும் ஒரு குவளை தெளிப்பதைவிட வாரத்துக்கு ஒரு தடவை மெதுவாக நிறைய விடுவது மேல். மணலில் சருகை மூடாக்காகப் போட்டால் ஈரம் கொஞ்சம் தங்கும்.

அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைக்குப் போவது நம் வீடுகளில் பழைய பழக்கம், அதில் கெடுதல் எதுவும் இல்லை. குளித்த தண்ணீரும் ஊற்றலாம், ஆனால் அன்றைக்கே ஊற்றிவிட வேண்டும், ஒரு நாள் தேங்கினால் நாறும். துணி துவைத்த தண்ணீரில்தான் கவனம் வேண்டும். சோப்புத்தூளிலுள்ள சோடியம் மண்ணில் சேர்ந்தால், ஈரம் இருந்தும் வேரால் இழுக்க முடியாமல் போகும். இரண்டாவது அலசல் நீரை மட்டும் எடுங்கள். பிளீச் கலந்ததைக் கழிவறைக்கே விட்டுவிடுங்கள்.