அந்த டிடெக்டிவ் நம்பிவிடுகிறார்

பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களோடு பேசும் மனநல ஆலோசகர் நான். இந்த வேலையில் அடிக்கடி காதில் விழும் பெயர் ஒன்று உண்டு: ‘லா அண்ட் ஆர்டர்: ஸ்பெஷல் விக்டிம்ஸ் யூனிட்’. ரசிகர்கள் சுருக்கமாக எஸ்.வி.யூ. என்பார்கள். அமெரிக்காவின் என்.பி.சி. சேனலில் 1999 செப்டம்பரில் தொடங்கிய தொடர், இன்னும் நின்றபாடில்லை. நியூயார்க் போலீஸில் பாலியல் குற்றங்களை விசாரிக்கும் பிரிவுதான் கதைக்களம்.

இவ்வளவு கொடூரமான விஷயத்தை, அதே கொடுமையை அனுபவித்தவர்களே ஏன் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள் என்று பலர் கேட்பதுண்டு. வக்கிரம் என்று முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள். அது வக்கிரம் இல்லை.

ஒரு காரணம், தொடரின் வார்ப்பு. புகார், விசாரணை, கைது, கோர்ட் என்று முக்கால் மணி நேரத்துக்குள் பெரும்பாலும் கதை முடிந்துவிடும். எந்த சீசனில் நுழைந்தாலும் புரியும். காட்சி மாறும்போதெல்லாம் ‘டங் டங்’ என்று ஒரு சத்தம் வரும், இசையமைப்பாளர் மைக் போஸ்ட் உருவாக்கியது. அதைக் கேட்டால் தோள் தளர்ந்துவிடுகிறது என்று என்னிடம் வரும் ஒருவர் சொல்வார். எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்த்து விறைத்துக் கிடக்கும் உடம்புக்கு, அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதே பெரிய ஆறுதல்.

ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒலிவியா பென்சன். மரிஸ்கா ஹர்கிடே முதல் எபிசோடிலிருந்து நடித்துவரும் பாத்திரம். டிடெக்டிவாக ஆரம்பித்து கேப்டன் வரை உயர்ந்தவர். துப்பு துலக்குவதில் இவர் பெரிய மேதாவி என்று சொல்லமாட்டேன். எதிரே இருப்பவர் சொல்வதை நம்புவதுதான் இவருடைய திறமை. ஒரு பெண் என்னிடம் வந்த புதிதில் வாயே திறக்கவில்லை. பிறகு ஒருநாள், “அந்தம்மா கேட்கிற மாதிரி நீங்களும் கேளுங்க, சொல்றேன்” என்றார். எப்படிக் கேட்பார் என்றேன். “பக்கத்துல உட்காருவாங்க. குரல் தாழ்ந்திருக்கும். அவசரப்படுத்தமாட்டாங்க.” (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) தன் வீட்டில் ஒருவர்கூட அப்படிக் கேட்டதில்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இது இவர் ஒருவருடைய அனுபவம் மட்டுமல்ல. தொடர் வந்த சில வருடங்களில், தங்களுக்கு நடந்ததை முதன்முதலாகச் சொல்லி ஹர்கிடேக்கு ரசிகர்கள் கடிதம் எழுத ஆரம்பித்தார்கள். அந்தக் கடிதங்கள் உலுக்கியதில்தான், பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுவதற்கான பயிற்சி எடுத்துக்கொண்டு 2004இல் ‘ஜாய்ஃபுல் ஹார்ட்’ என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். 2015இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் 313 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று, ‘லா அண்ட் ஆர்டர்’ வரிசைத் தொடர்களைப் பார்ப்பவர்களிடம் ‘அவள்மேல்தான் தப்பு’ வகையறா நம்பிக்கைகள் குறைவாக இருப்பதாகச் சொன்னது. தொடரால் அப்படி ஆனார்களா, அப்படிப்பட்டவர்கள்தான் இதைப் பார்க்கிறார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் நல்ல சேதிதான்.

சரி, சிக்கலுக்கு வருவோம்.

திரையில் பாதிக்கப்பட்டவர் பெரும்பாலும் கத்துவார், போராடுவார், பிறகு ஒரு கட்டத்தில் உடைந்து அழுது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடுவார். என் எதிரே உட்காருபவர்களில் பலர் கத்தியதே இல்லை. உடம்பு மரத்துப்போய்விட்டது, கை அசையவில்லை, குரல் வரவில்லை என்பார்கள். ஸ்டாக்ஹோமில் பாலியல் வல்லுறவுக்கு ஆளாகி அவசர சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. அதில் 70 சதவீதம் பேர் இந்த உறைநிலையைக் கணிசமான அளவில் அனுபவித்திருந்தார்கள். அது சம்மதமோ கோழைத்தனமோ இல்லை. மூளை தானாகச் செய்வது. “நான் ஏன் எதிர்க்கலை?” என்ற கேள்வியோடு வருபவருக்கு, அவர் தினமும் பார்த்து ஆறுதல் அடையும் தொடரே அந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்கிவிடுகிறது. ஞாபகமும் அப்படித்தான். சுவரின் நிறம் துல்லியமாக நினைவிருக்கும், எத்தனை மணி என்பது இருக்காது. நடந்தது முன்னும் பின்னுமாகத்தான் வரும். பொய் சொல்பவரின் அடையாளம் அல்ல அது.

இதில் என்னைக் கடுப்பேற்றுவது வீட்டு டிடெக்டிவ்கள். தொடர் தொடராகப் பார்த்த அண்ணனோ கணவரோ தோழியோ, அன்போடுதான், விசாரணையை ஆரம்பித்துவிடுகிறார்கள். “அப்ப மணி என்ன? போன் எங்க இருந்துச்சு? நேத்து வேற மாதிரி சொன்னியே?” குற்றவாளியை மடக்கக் கேட்கும் கேள்விகளை, அடிபட்டு வந்தவரிடம் கேட்கிறார்கள். பென்சனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது விசாரணை அறையின் கேள்விகளை அல்ல, பக்கத்தில் உட்காருவதை. “நீ சொல்றதை நம்புறேன். இப்ப உனக்கு என்ன வேணும்?” இதற்குமேல் அந்த முதல் நாளில் குடும்பத்தார் பேச வேண்டியது அதிகமில்லை. என்ன நடந்தது என்பதை விசாரிக்க அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள்.

கோர்ட் விஷயத்திலும் திரை வேறு, நிஜம் வேறு. அமெரிக்காவிலேயே குற்றத் தண்டனைகளில் 90 சதவீதத்துக்கும் மேல், விசாரணை மேடைக்கே வராமல், குற்றம்சாட்டப்பட்டவர் அரசுத் தரப்போடு பேரம் பேசி ஒப்புக்கொள்வதால் முடிகின்றன. எபிசோடில் மறுநாளே வந்துவிடும் டி.என்.ஏ. முடிவுக்கு, நிஜத்தில் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். 2009இல் டெட்ராய்ட் போலீஸின் ஒரு சேமிப்புக் கிடங்கில், பாலியல் வன்முறை வழக்குகளில் எடுக்கப்பட்ட 11,000க்கும் மேற்பட்ட தடயப் பெட்டிகள் பரிசோதிக்கப்படாமலே கிடந்தது தெரியவந்தது. தன் வழக்கு இழுத்துக்கொண்டே போனால், தன் புகாரில்தான் ஏதோ குறை என்று பாதிக்கப்பட்டவர் நினைத்துக்கொள்கிறார். குறை அங்கே இல்லை.

எவ்வளவு பார்க்கலாம் என்று கேட்டால், எபிசோடு முடிந்ததும் உடம்பு என்ன சொல்கிறது என்று கவனியுங்கள் என்பேன். தளர்ந்தால் பரவாயில்லை. நெஞ்சு படபடத்தாலோ, கதவைத் தாழ்போட்டோமா என்று திரும்பத் திரும்ப எழுந்துபோனாலோ, தொடரைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். தானாக அடுத்த எபிசோடு ஓடும் வசதியை எப்படியும் அணைத்துவிடலாம். டிவியில் அதிகமாக வன்முறை பார்ப்பவர்களுக்கு உலகம் இருப்பதைவிடக் கொடூரமாகத் தோன்றும் என்று ஊடக ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னர் 1970களிலேயே சொல்லிவிட்டார். பாலியல் வன்முறையைப் பொறுத்தவரை இன்னொரு கோணலும் சேர்ந்துகொள்கிறது: இருட்டுச் சந்தில் வரும் அந்நியனைக் கண்டு பயப்படப் பழகுகிறோம். நான் கேட்கும் கதைகளிலோ பெரும்பாலும் அவன் தெரிந்தவன்.

தடயம் பற்றித் தொடர் சொல்வதில் ஒன்று சரி: சம்பவத்துக்குப் பிறகு முடிந்தால் குளிக்காமல், உடை மாற்றாமல் ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லது. மாற்றிவிட்டீர்களா, அந்த உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கி டி.என்.ஏ. கெட்டுவிடும். குளித்துவிட்டேனே, இனி போய்ப் பயனில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். அமெரிக்காவின் பல இடங்களில் 5 நாள் வரைகூட மாதிரி எடுக்கிறார்கள். தடயத்தைவிட அவசரமானது மருந்து. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அவசரக் கருத்தடைக்கு 5 நாள் வரை வழி உண்டு. போலீஸில் புகார் கொடுப்பதா வேண்டாமா என்று நீங்கள் இன்னும் முடிவெடுக்காவிட்டாலும் இந்தச் சிகிச்சையைக் கேட்டு வாங்கலாம்.