‘ஷேக் வெல்’ என்றால் எவ்வளவு குலுக்க வேண்டும்?

குழந்தைகளுக்கான மருந்துப் புட்டியை வாங்கும்போது விலையையும் காலாவதித் தேதியையும் பார்க்காதவர்கள் குறைவு. அதே லேபிளில் ‘ஷேக் வெல் பிஃபோர் யூஸ்’, அதாவது ‘பயன்படுத்தும் முன் நன்றாகக் குலுக்கவும்’ என்று ஒரு வரி இருக்கும். கோத்தகிரியில் மருந்தாளுநராக இருக்கும் எனக்கு, அந்த வரியை வீட்டில் யாரும் பொருட்படுத்தவில்லை என்பது புட்டி கடைக்குத் திரும்பி வரும்போது தெரிந்துவிடும்.

எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து வந்த ஓர் அம்மா, பாராசிட்டமால் புட்டி ஒன்றை மேசைமேல் வைத்தார். “மேலே தண்ணீராக இருந்தது, அடியில் வெள்ளையாகக் கெட்டியாகிவிட்டது. மருந்து கெட்டுப்போய்விட்டதா அண்ணா?” என்று கேட்டார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அடி மூலையில் வெள்ளை வண்டல் இறுகிப் படிந்திருந்தது. மருந்து கெடவில்லை. குழந்தை இதுவரை குடித்ததில் பெரும்பங்கு இனிப்புத் தண்ணீர். காய்ச்சலை இறக்க வேண்டிய சரக்கு புட்டியின் அடியிலேயே தங்கிவிட்டது. சுடுதண்ணீர் ஊற்றிக் கலக்கி மிச்சத்தைக் கொடுத்துவிடலாமா என்றும் கேட்டார். கொடுத்திருந்தால் ஒரே மூடியில் இரண்டு, மூன்று வேளை மருந்து உள்ளே போயிருக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் அடி வாங்குவது கல்லீரல்.

லேபிளில் ‘சிரப்’ என்று இருந்தால் மருந்து தேநீரில் சர்க்கரை போலக் கரைந்திருக்கிறது. முதல் சொட்டும் கடைசிச் சொட்டும் ஒன்றுதான். ‘சஸ்பென்ஷன்’ என்று இருந்தால் கரையாத துகள்கள் திரவத்தில் மிதக்கின்றன. விட்டு வைத்தால் படியும். ‘5 மி.லி.யில் 250 மி.கி.’ என்று அச்சிட்டிருப்பது குலுக்கிய புட்டிக்கு மட்டுமே பொருந்தும் கணக்கு.

ஆங்கிலத்தில் ‘ஷேக்’ என்ற ஒரே சொல் கை குலுக்குவதற்கும் வரும், குளிரில் நடுங்குவதற்கும் வரும், தலையை ஆட்டுவதற்கும் வரும். நம்மவர்கள் பலர் புட்டியின் கழுத்தைப் பிடித்து இப்படியும் அப்படியுமாக இரண்டு ஆட்டு ஆட்டுவதோடு சரி. லேபிள் கேட்பது அதை அல்ல. மூடியை இறுக்கி, தலைகீழாகக் கவிழ்த்து, பத்து விநாடியாவது பலமாகக் குலுக்க வேண்டும். பிறகு அடி மூலையைப் பாருங்கள். வெள்ளை ஒட்டியிருந்தால் இன்னும் குலுக்குங்கள். குலுக்கிய கையோடு ஊற்றுங்கள்; குலுக்கி வைத்துவிட்டுப் பால் காய்ச்சப் போனால் பயனில்லை. மலைக் குளிரில் மருந்து கெட்டியாக இருந்தால் சற்று நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தால் போதும், அடுப்பருகே கொண்டுபோக வேண்டாம். “கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வந்த மருந்துதானே, இன்னுமா குலுக்க வேண்டும்?” என்று ஒருவர் கேட்டார். வேண்டும் ஐயா, ஒவ்வொரு வேளையும்.

வலிப்புக்கான ஃபெனிட்டாயின் சஸ்பென்ஷனில் இந்த அலட்சியம் மிகவும் கொடியது. அந்த மருந்தில் போதுமான அளவுக்கும் மிகையான அளவுக்கும் இடைவெளி குறுகல். குலுக்காமல் கொடுத்தால் புதுப் புட்டி திறந்த நாட்களில் வலிப்பு வரலாம்; புட்டி தீரும் நாட்களில் குழந்தை தள்ளாடும், பேச்சு குழறும், வாந்தி எடுக்கும். நோய் முற்றிவிட்டது என்று வீடே பயந்துவிடும். அப்படி நேர்ந்தால் டாக்டரிடம் புட்டியையும் எடுத்துச் செல்லுங்கள்.

பொடியாக வரும் ஆன்டிபயாடிக்கில் குலுக்கலே மருந்து தயாரிக்கும் வேலை. முதலில் புட்டியைத் தட்டி, இறுகிய பொடியை உதிர்த்துக்கொள்ளுங்கள். கொதித்து ஆறிய தண்ணீரைப் புட்டியில் குறித்துள்ள கோட்டுக்குச் சற்றுக் கீழ்வரை ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கியதும் மட்டம் இறங்கியிருக்கும். கோடு வரை மீண்டும் ஊற்றி மீண்டும் குலுக்குங்கள். நுரையைத் தண்ணீர் என்று எண்ணிப் பலர் முதல் ஊற்றலோடு நிறுத்திவிடுகிறார்கள். மருந்து தேவைக்கு மேல் அடர்த்தியாகிவிடுகிறது. கொதிக்க வைப்பதிலும் மலைக்கு ஒரு கணக்கு உண்டு. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் கொதி வந்ததும் இறக்காமல் மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள்.

கண்புரை அறுவைக்குப் பின் போடும் சொட்டு மருந்துகளில் பால் போல வெண்மையாக இருப்பவற்றையும் குலுக்கித்தான் போட வேண்டும். ஆஸ்துமாவுக்கு வாயில் அடித்துக்கொள்ளும் இன்ஹேலர்களில் பெரும்பாலானவற்றை ஒவ்வொரு அடிக்கு முன்பும் குலுக்க வேண்டும். கேப்ஸ்யூல் போட்டு உறிஞ்சும் வகையைக் குலுக்கவே கூடாது, பொடி கொட்டிவிடும்.

இங்கேதான் பாதி ஆங்கிலம் ஆபத்தாகிறது. சில லேபிள்களில் ‘டூ நாட் ஷேக்’, அதாவது ‘குலுக்காதீர்கள்’ என்று இருக்கும். அவசரத்தில் ‘ஷேக்’ மட்டும் கண்ணில் படும். டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் போடும் எரித்ரோபொயட்டின் ஊசி மருந்து அப்படிப்பட்டது. அது புரதம், பலமாகக் குலுக்கினால் சிதைந்து வீரியம் இழக்கும். இன்சுலினும் புரதம்தான். தெளிந்த இன்சுலினைக் கலக்க வேண்டிய தேவையே இல்லை. கலங்கலான வகையை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துப் பத்து முறை உருட்டி, பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். குலுக்கினால் குமிழி சேரும், குமிழி சேர்ந்தால் அளவு குறையும்.

தடுப்பூசிக் கிடங்குகளில் குலுக்கலே ஒரு சோதனை. பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி போன்றவை உறைந்துவிட்டால் வீரியம் போய்விடும். இளகிய பின் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். சந்தேகம் வந்தால், அதே தொகுதியில் ஒரு குப்பியை வேண்டுமென்றே உறையவைத்து இளக்கி, இரண்டையும் குலுக்கி அருகருகே வைத்துப் பார்ப்பார்கள். சந்தேகக் குப்பியும் உறைந்த குப்பியின் வேகத்தில் படிந்தால் அது குப்பைக்கு. இதற்கு ‘ஷேக் டெஸ்ட்’ என்றே பெயர்.

வீட்டு இன்சுலினும் உறையும். ஃப்ரீசரை ஒட்டிய தட்டில் வைத்தாலும் உறையும், மார்கழி, தை உறைபனியில் திறந்த ஜன்னலோரம் வைத்தாலும் உறையலாம். கலங்கல் இன்சுலினை உருட்டிய பிறகும் கட்டிகள் மிதந்தாலோ, குப்பியின் உட்சுவரில் வெள்ளைத் துகள்கள் ஒட்டியிருந்தாலோ அதைப் போடாதீர்கள். தெளிந்த இன்சுலின் உறைந்து இளகினால் பார்வைக்கு மாற்றம் தெரியாமலும் போகலாம். உறைந்தது என்று தெரிந்தாலே தூக்கி எறியுங்கள். புதிதாக வாங்கக் கையில் பணம் இல்லையென்றால் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள், இன்சுலின் அங்கே இலவசமாகக் கிடைக்கிறது.